இயற்கையே வகுத்துக் கொடுத்தது என்னும் வாதம்

சில வருஷங்களாக விஞ்ஞான மேடைகளிலும், பத்திரிகைக் கட்டுரைகளிலும், மருத்துவக் கருவி விற்போர் அச்சிட்டு வழங்கும் வழவழப்பான பிரசுரங்களிலும் ஒரே கோட்பாடு திரும்பத் திரும்ப ஓதப்பட்டு வருகிறது. இயற்கையானது 380 கோடி ஆண்டுகளாக ஓயாமல் பரிசோதனை நடத்தி, உயிர்களுக்கு நேர்ந்த சங்கடங்களுக்கெல்லாம் பரிகாரம் கண்டு, அவற்றைத் தாமரை இலையிலும் சில்வண்டின் சிறகிலும் சுறாவின் தோலிலும் பல்லியின் பாதத்திலும் பொறித்து வைத்திருக்கிறதென்றும், மனிதன் செய்ய வேண்டியதெல்லாம் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் வழியே அதைப் படித்து, டைட்டானியத்திலோ பிளாஸ்டிக்கிலோ பிரதி எடுப்பதொன்றே என்றும், அவ்வாறு எடுத்த பிரதிகள் கிருமி அண்டாத கதீட்டராகவும் இரத்தம் உறையாத குழாயாகவும் அழுக்கு ஒட்டாத சுவராகவும் நமக்கு உதவுமென்றும் இக்கோட்பாட்டினர் சொல்கின்றனர். 1997-இல் ஜனைன் பென்யஸ் என்ற அமெரிக்க அம்மையார் எழுதிய ‘பயோமிமிக்ரி’ என்னும் நூல் இந்த எண்ணத்துக்கு ஒரு மந்திரத்தின் ஸ்தானத்தை அளித்தது. இயற்கையை முன்மாதிரியாகவும் அளவுகோலாகவும் ஆசானாகவும் கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி.

கேட்க இனிமையான கொள்கைதான். மனிதனின் கர்வத்தை அடக்குவதுபோன்ற ஒரு தோற்றமும் அதற்கு உண்டு. ஆகையால் அதை எதிர்ப்பவன் இயற்கையின்மேல் பக்தியில்லாதவன் என்ற அபவாதத்துக்கு எளிதில் ஆளாகிறான். ஆயினும் அது தவறான கொள்கை என்பதும், மருத்துவத்தைப் பொறுத்தவரையில் தவறு என்ற மட்டில் நில்லாமல் தீங்காகவும் முடியக்கூடியது என்பதும் என் துணிபு. உயிர்ப் பொருள்களை ஆராய்வதால் பிரயோஜனமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நானோ மீட்டர் அளவில் வடிவமைக்கப்பட்ட பரப்புகளில் உண்மையாகவே பயன் தந்தவை எவையென்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவற்றைச் செய்தவர்கள் வெற்றி கண்ட இடம் எந்தப் பிராணியைப் பார்த்துத் தொடங்கினார்களோ அந்தப் பிராணியைக் கைவிட்ட இடமாகவே இருக்கக் காண்கிறோம். அந்த உண்மையைத்தான் இக்கோட்பாடு நம் கண்ணிலிருந்து மறைக்கிறது.

எதிர்க்கட்சியின் மிக வலுவான சாட்சியை முதலில் விசாரிப்பதே நியாயம். 2012-இல் மெல்போர்ன் நகரத்து ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தில் எலெனா இவானோவாவும் அவருடைய சகாக்களும், ஆஸ்திரேலியாவின் கோடைகாலத்தில் காதைத் துளைக்கும்படி இரைகிற ஒருவகைச் சில்வண்டின் சிறகை ஆராய்ந்தார்கள். வெறுங்கண்ணுக்குத் தெளிந்த சவ்வாகத் தோன்றும் அச்சிறகின் பரப்பில், ஏறக்குறைய 200 நானோ மீட்டர் உயரமுள்ள முனை மழுங்கிய தூண்கள், ஒன்றுக்கொன்று 170 நானோ மீட்டர் தூரத்தில், வரிசை பிசகாமல் நிற்கின்றன. ஒரு பாக்டீரியாவின் நீளம் ஆயிரம் இரண்டாயிரம் நானோ மீட்டர் ஆகையால், அது சிறகின்மேல் வந்து படியும்போது பல தூண்களின் தலைமேல் ஒருங்கே படிகிறது. தீப்புண்ணிலும், சுவாசக் கருவி பொருத்திய நோயாளியின் நுரையீரலிலும் புகுந்து தொல்லை கொடுக்கும் சூடோமோனாஸ் என்னும் கிருமி இவ்வாறு படிந்த சில நிமிஷங்களில் உடல் கிழிந்து மடிந்தது. சிறகின்மேல் 10 நானோ மீட்டர் கனத்துக்குத் தங்கம் பூசி அதன் ரசாயன இயல்பை அடியோடு மாற்றிய பின்னும் கொலை நிற்கவில்லை. ஆகவே கொல்வது மருந்தன்று, வடிவமே என்று தெளிவாயிற்று. அழகான பரிசோதனை, அதில் எனக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை.

ஆட்சேபம் பின்னால் நடந்தவற்றைப் பற்றியது. பாக்டீரியாவை ஈட்டியில் குத்திக் கொல்லும் சிறகு என்று உலகமெங்கும் செய்தி பரவிற்று. செயற்கை மூட்டுகளிலும் பல் பொருத்துகளிலும் இத்தூண்களை நட்டுவிட்டால் மருந்தில்லாமலே தொற்று ஒழியும் என்ற நம்பிக்கை எழுந்தது. ஆனால் அடுத்த ஆண்டே அதே குழுவினர் பல கிருமிகளைச் சிறகின்மேல் விட்டுப் பார்த்து வெளியிட்ட முடிவு, செய்தித்தாள்களில் அவ்வளவு பெரிய எழுத்தில் வரவில்லை. சிறகு கொன்றது கிராம் நெகட்டிவ் எனப்படும் மெல்லிய சுவருடைய கிருமிகளைத்தான். தடித்த சுவருடைய கிராம் பாசிட்டிவ் இனத்தவை அதன்மேல் சுகமாகவே இருந்தன. அந்த இரண்டாம் வகையில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்பதும் ஒன்று. எலும்பு மருத்துவர் ஒருவர் செயற்கை இடுப்பு மூட்டைப் பொருத்தும்போது எந்தக் கிருமியை நினைத்து அதிகமாக அஞ்சுகிறாரோ அந்தக் கிருமி அதுதான். ஆசானாகக் கொண்டாடப்பட்ட சில்வண்டு, மாணாக்கனுக்கு வேண்டிய ஒரே பாடத்தைக் கற்பிக்கவில்லை.

ஈட்டிக் கதையும் இப்போது ஆட்டங்கண்டு நிற்கிறது. 2020-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் டைட்டானியத்தின்மேல் இத்தகைய தூண்களை வளர்த்து, அவற்றின்மேல் படிந்த பாக்டீரியாக்களை மைக்ராஸ்கோப்பில் குறுக்குவெட்டாக நோக்கினர். தூண்கள் கிருமியின் உறையை வளைத்தன, சிலவிடத்தில் உள்ளே புகுந்தும் இருந்தன. ஆனால் எல்லோரும் எதிர்பார்த்தபடி உறை பிளந்து உள்ளீடு வழிந்து செத்த காட்சி பொதுவாகக் காணப்படவில்லை. அதற்கு மாறாக, கிருமிக்குள்ளேயே தன்னைத் தானே அரித்துக்கொள்ளும் ஆக்ஸிஜன் சேர்மங்கள் பெருகியிருந்தன. பரப்பின் நெருக்குதலால் கிருமியின் உள் வாழ்க்கை குலைந்தது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். அவ்வாறாயின் தூணின் உயரம், முனையின் கூர்மை, இடைவெளி ஆகியவற்றை எந்தத் தத்துவத்தைக் கொண்டு நிர்ணயிப்பது என்ற கேள்வியே புதிதாக எழுகிறது. இந்தக் கேள்விக்குச் சிறகை மீண்டும் உற்றுப் பார்ப்பதால் விடை கிடைக்காது.

சில்வண்டுக்கு அந்தத் தூண்கள் எதற்காக என்று இக்கோட்பாட்டினர் கேட்டுப் பார்ப்பதே அபூர்வம். மழைத்துளி உருண்டோடவும், ஒளி தெறித்துப் பறவையின் கண்ணில் படாமலிருக்கவும் அவை உதவுகின்றன. கிருமி சாவது அவற்றின் தற்செயலான விளைவாகவும் இருக்கக்கூடும். சிறகு முளைத்த பின் அந்தப் பூச்சி உயிரோடிருப்பது சில வாரங்கள். அந்தச் சில வாரங்களிலும், மாஸ்ஸோஸ்போரா என்ற பூஞ்சணம் பற்றிய சில்வண்டுகள் வயிற்றின் பின்பாதி உதிர்ந்து விழுந்த பிறகும் பறந்து திரிகின்றன என்பதைப் பார்க்கும்போது, கிருமி விஷயத்தில் அதன் தேகம் மொத்தமாக அவ்வளவு ஜாக்கிரதையானது என்று சொல்ல மனம் வரவில்லை. மனிதனுடைய செயற்கை இடுப்பு மூட்டோ பதினைந்து இருபது வருஷம் உடம்புக்குள் இருந்தாக வேண்டும். காற்றில் உலராமல் இரத்தத்திலும் நிணநீரிலும் ஊறிக்கொண்டே இருந்தாக வேண்டும். இரத்தம் பட்ட சில விநாடிகளுக்குள் எந்தப் பரப்பின்மேலும் புரதங்கள் படர்ந்துவிடுகின்றன. பின்னால் வரும் கிருமி தொடுவது அந்தப் புரதப் போர்வையை. முதலில் வந்து செத்த கிருமிகளின் சடலமும் தூண்களுக்கிடையில் தங்கிவிட்டால், அடுத்து வருவனவற்றுக்கு அது மெத்தையாகிறது. அடுத்த வீட்டுக்காரனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை நம் பிள்ளைக்கு மாட்டிவிட்டு, தையற்காரன் கைதேர்ந்தவன் என்று புகழ்வதால் சட்டை பொருந்திவிடுமா?

‘தட்டானின் சிறகை மறந்துவிட்டீரே’ என்று எதிர்க்கட்சியார் இங்கே குறுக்கிடுவர். மறக்கவில்லை. 2013-இல் அதே மெல்போர்ன் குழுவினர் ஒருவகைத் தட்டானின் சிறகும், கருஞ்சிலிக்கான் என்னும் பொருளும் ஸ்டஃபிலோகாக்கஸையும் சேர்த்தே கொல்கின்றன என்று காட்டினர். ஆனால் கருஞ்சிலிக்கான் தட்டானைப் பார்த்துச் செய்ததன்று. மின்னணுச் சில்லு செய்பவர்கள் சிலிக்கானைப் பிளாஸ்மாவினால் அரிக்கும்போது, வேண்டாத விளைபொருளாக அது முன்பே தலைகாட்டியிருந்தது; நுண்ணிய ஊசிகள் காடாக முளைத்து, விழுந்த ஒளியையெல்லாம் விழுங்கிக் கறுத்துப்போன பரப்பு அது. அதன் ஊசிகளின் உயரம் தட்டான் சிறகிலுள்ளவற்றைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அது மட்டுமா? தட்டானின் சிறகு நீரை அறவே வெறுப்பது. கருஞ்சிலிக்கான் நீரில் நனையக்கூடியது. ரசாயனத்தில் நேர்மாறான இரண்டு பொருள்கள் ஒரே காரியத்தைச் செய்கின்றன என்பதுதான் அந்த ஆராய்ச்சியின் சாரம். இதில் ஆசான் யார், மாணாக்கன் யார்? தொழிற்சாலையின் கழிவு ஒன்றும் பூச்சியின் சிறகு ஒன்றும் ஒரே பௌதிக நியதிக்குக் கட்டுப்பட்டவை என்று சொல்லுவதோடு நின்றால் உண்மைக்குப் பங்கமில்லை.

இதைவிட வேடிக்கையான ஒரு முரண்பாடும் இக்கொள்கையில் உண்டு. இயந்திர முறையில் கொல்லும் பரப்புக்கு எதிராகக் கிருமிகளால் எதிர்ப்புச் சக்தி பெறவே முடியாது என்று துணிந்து கூறுகிறவர்கள், அதே மூச்சில் 380 கோடி ஆண்டுகளின் மகிமையையும் பாடுகிறார்கள். அந்த ஆண்டுகள் சில்வண்டுக்கு மட்டுமா கழிந்தன? பாக்டீரியாக்களின் வமிசம் பூச்சிகளின் வமிசத்தைவிட எத்தனையோ மடங்கு பழையது. முட்களும் தூண்களும் நிறைந்த பரப்புகளோடு அவை பழகி வந்த காலமும் அவ்வளவு நீண்டது. தடித்த சுவர் கொண்ட இனங்கள் சிறகின்மேல் பிழைத்திருப்பதே போதிய சாட்சி. நீர்வழுக்கும் தாமரை இலையின்மேலும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. பூச்சியைக் கொன்று தின்னும் குடுவைத் தாவரத்தின் வயிற்று நீரில் பாக்டீரியாக்கள் குடித்தனம் நடத்துவதோடு கொசுப் புழுக்களும் நீந்துகின்றன. பரிணாமத்தைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் இரு கட்சிக்காரரின் வாக்குமூலத்தையும் கேட்க வேண்டும்.

தாமரையின் கதை இன்னும் பிரசித்தமானது. தாமரை இலையில் நீர் ஒட்டாததை நம் தேசத்தார் பற்றற்ற மனத்துக்கு உவமையாக எத்தனை நூற்றாண்டுகளாகவோ எடுத்தாண்டு வருகிறார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பார்த்ததனால் ஒரு சுவர்ப்பூச்சுப் பிறக்கவில்லை. நீர் ஏன் ஒட்டவில்லை என்பதற்குக் கணக்கு வந்த இடம் வேறு. 1936-இல் வென்ஸெல் என்பவர், பரப்பு கரடுமுரடாகும்போது நீரை வெறுக்கும் இயல்பு மிகுகிறது என்பதைச் சமன்பாடாக எழுதினார். 1944-இல் கம்பளித் தொழிலுக்காக ஆராய்ச்சி செய்துவந்த காஸியும் பாக்ஸ்டரும், இழைகளுக்கிடையே சிக்கிக்கொள்ளும் காற்று துளியைத் தாங்குகிறது என்பதைக் கணக்கில் சேர்த்தார்கள். வாத்தின் இறகையும் அவர்கள் நோக்கினர் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் இறகு அவர்களுக்குச் சமன்பாட்டைக் கொடுக்கவில்லை, சமன்பாடுதான் இறகை விளக்கிற்று. 1996-இல் ஜப்பானியக் காவோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், காகிதத் தொழிலில் வழங்கும் ஒரு மெழுகைத் தானாக உறையவிட்டு, மேட்டின்மேல் மேடாக நுணுகிக்கொண்டே போகும் பரப்பொன்றை உண்டாக்கினர். அதன்மேல் நீர்த்துளி 174 பாகைக் கோணத்தில் ஏறக்குறைய முழு உருண்டையாக நின்றது. தாமரை இலைக்கு அந்தக் கோணம் 160-ஐ ஒட்டியே நிற்கும். பான் நகரத்துத் தாவர சாஸ்திரி பார்த்லோட், நைன்ஹூயிஸ் என்பவரோடு சேர்ந்து, இலையின் நுண்மேடுகளையும் அவற்றின்மேல் படர்ந்த மெழுகுக் குழல்களையும், அழுக்கை உருட்டிக்கொண்டோடும் துளியையும் பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டது அதற்கு அடுத்த ஆண்டு.

பார்த்லோட்டின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. ஆயிரக்கணக்கான இலைகளைப் பொறுமையாகப் பார்த்து, அசுத்தம் ஒட்டாமைக்கும் கரடுமுரடுக்கும் உள்ள சம்பந்தத்தை நிலைநாட்டியவர் அவர். 1999-இல் கட்டடங்களுக்கான பூச்சு ஒன்று சந்தைக்கு வந்ததும் அவர் உழைப்பின் பயனே. ஆனால் அந்த இலை தன் காரியத்தைச் சாதிப்பது எப்படி? மெழுகு தேய்ந்த இடத்தில் உயிருள்ள இலை புதிய மெழுகைச் சுரந்து கொள்கிறது. கிழிந்தால் வேறு இலை விடுகிறது. பருவம் முடிந்தால் அழுகி நீரில் மறைகிறது. சுவருக்கும் சுவாசக் குழாய்க்கும் இந்த வசதி ஒன்றும் கிடையாது. இன்னொன்று: மேலிருந்து விழும் துளியை உதறுகிற அதே இலை, நீராவி அதன் மேடுகளுக்கிடையில் குளிர்ந்து பனித்தால் அந்த நீரை விடாமல் பிடித்துக்கொள்கிறது என்று 2005-இல் ஒரு பரிசோதனை காட்டிற்று. ஈரக்காற்று வந்து போகும் மருத்துவக் குழாய்க்குத் தாமரையை அளவுகோலாக வைத்தவன் இதை எண்ணிப் பார்த்திருப்பானா?

சுறாவின் விஷயத்தைச் சுருக்கிச் சொல்லலாம். அங்கே வேடம் சீக்கிரம் கலைந்துவிடுகிறது. நீரோட்டத்தின் திசையில் ஓடும் நுண்ணிய வரிமேடுகள் உராய்வைக் குறைக்கும் என்பது, 1970-களின் இறுதியில் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் லாங்லி ஆராய்ச்சிசாலையில் காற்றோட்டக் கலக்கத்தை ஆராய்ந்தவர்கள் கண்டது. பெர்லினில் பெஷர்ட் என்பவர் எண்ணெய்க் கால்வாயில் அளந்து பார்த்தபோது, சுறாச் செதில்களை ஒத்த முப்பரிமாண வடிவம் உராய்வை நூற்றுக்கு ஏழு பங்கு போலக் குறைத்தது. எந்த மீனிலும் இல்லாத, நேராக நிற்கும் மெல்லிய தகட்டு வரிகள் பத்துப் பங்கு போலக் குறைத்தன. பிரதி தோற்றது, கணக்கு வென்றது. ஒலிம்பிக் நீச்சல் வீரர்கள் அணிந்த ‘சுறாத்தோல்’ உடையைப் பற்றி 2000-ஆம் ஆண்டில் எழுந்த ஆரவாரத்தைப் பலர் நினைவில் வைத்திருப்பர். 2012-இல் ஹார்வர்டில் அத்தகைய துணியை ஒரு நெகிழும் தகட்டில் போர்த்தி நீந்தவிட்டபோது நிச்சயமான ஆதாயம் எதுவும் தென்படவில்லை. மெய்யான சுறாத்தோல் போர்த்திய தகடோ, செதில்களைத் தேய்த்து நீக்கிய தோலைவிட நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு விரைந்து சென்றது. சுறா பொய் சொல்லவில்லை. அதன் பெயரால் உடை விற்றவர்களே சொன்னார்கள்.

மருத்துவமனைப் பரப்புகளுக்காக விற்கப்படும் ‘ஷார்க்லெட்’ என்னும் வடிவம் இன்னும் நல்ல பாடம். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்து அந்தோனி பிரென்னன், கப்பலின் அடியில் பாசி பற்றாமல் தடுக்க அமெரிக்கக் கடற்படை கேட்டுக்கொண்டதன்பேரில் தொடங்கிய ஆராய்ச்சியில் உருவானது அது. பாசியின் வித்துகளை நூற்றுக்கு 86 பங்கு தடுத்தது. பிறகு ஸ்டஃபிலோகாக்கஸ் கூட்டம் கட்டுவதையும் தாமதப்படுத்தியது. சுறாவின் செதில்மேல் உள்ள வரிகளுக்கிடையே பத்துக்கணக்கான மைக்ரோ மீட்டர் இடைவெளி உண்டு. ஷார்க்லெட்டின் வரிகள் இரண்டே மைக்ரோ மீட்டர் அகலம். இந்த இரண்டு எங்கிருந்து வந்தது? தடுக்கப்பட வேண்டிய பாசி வித்தின் குறுக்களவு ஐந்து மைக்ரோ மீட்டர். அது காலூன்ற இடம் கிடைக்காதபடி அதைவிடச் சிறிய அளவு தேர்ந்தெடுக்கப்பட்டது. வடிவின் ஒழுங்கில் சுறாவின் சாயல் இருக்கலாம். அளவைத் தீர்மானித்தது எதிரியின் உடம்பு. இதுவல்லவா வடிவமைத்தல் என்பது! பெயரைமட்டும் சுறாவுக்குக் கொடுத்துவிட்டோம்.

பல்லிக்கு வருவோம். கெல்லர் ஆட்டம் என்பவரும் சகாக்களும் 2000-இல் பல்லியின் பாதத்திலுள்ள ஒற்றை மயிரின் பற்றுதலை அளந்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் அது மூலக்கூறுகளுக்கிடையேயான மிக மெல்லிய கவர்ச்சியினால் நேர்வது என்று நிறுவினர். 2003-இல், பின்னால் கிராஃபீனுக்காக நோபெல் பரிசு பெற்ற கெய்ம், மான்செஸ்டரில் பாலிஇமைடு மயிர்களாலான ஒட்டுநாடா ஒன்றைச் செய்து காட்டினார். அது ஒட்டத்தான் ஒட்டிற்று; சில தடவை ஒட்டி எடுத்ததும் மயிர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சக்தியிழந்தது. 2012-இல் மாஸசூஸெட்ஸில் குரோஸ்பியும் இர்ஷிக்கும் மயிரையே விட்டுவிட்டார்கள். பல்லியின் பாதத்தில் தோலும் தசைநாணும் இணைந்திருக்கும் விதத்தை மட்டும் கவனித்து, விறைத்த துணியின்மேல் மெத்தென்ற ரப்பரைப் படியவைத்து ஒரு பட்டை செய்தனர். உள்ளங்கை அளவான அது கண்ணாடிச் சுவரில் 300 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்கிற்று. மருத்துவத்திலோ, காயத்தை மூட ‘பல்லி நாடா’ செய்ய விரும்பிய கார்ப், லாங்கர் குழுவினர் 2008-இலேயே ஒரு நிதரிசனத்தைச் சந்தித்தார்கள்: ஈரக் குடலின்மேல் வெறும் தூண்களால் ஆகிற காரியமன்று. ஆகவே உடம்பில் கரைந்து போகும் ரப்பரில் தூண்களை வார்த்து, அவற்றின்மேல் திசுவின் புரதத்தோடு ரசாயனப் பிணைப்புக் கொள்ளும் ஒரு சர்க்கரைப் பொருளைப் பூசினார்கள். பிறகு ஒட்டிற்று. பல்லியின் பெருமையே பசையில்லாமல் ஒட்டுவது. பல்லி நாடாவோ பசையில்லாமல் ஒட்டாது.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது குடுவைத் தாவரம். மழையிலோ பனியிலோ நனைந்த அதன் விளிம்பில் நீர் ஒரு படலமாகத் தங்குகிறது. எறும்பின் கால் அந்தப் படலத்தில் பிடிமானமின்றி வழுக்கிவிடுகிறது. ஹார்வர்டில் ஜோவானா ஐஸன்பெர்க்கின் குழு 2011-இல் இதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒரே ஓர் எண்ணம்தான்: திடப்பொருளால் வழுக்கவைக்க முயல்வதை விட்டு, நுண்துளைகளில் ஒரு திரவத்தைச் சிறைப்படுத்தி அந்தத் திரவத்தாலேயே வழுக்கவைப்பது. அவர்கள் சிறைப்படுத்தியது நீரன்று. எந்தச் செடியும் எந்த விலங்கும் சுரந்தறியாத பெர்ஃபுளுரோகார்பன் எண்ணெய். 2014-இல் அதே தத்துவத்தைக் குழாய்களின் உட்புறத்தில் பூசி, பன்றியின் தமனியையும் சிரையையும் இணைத்துப் பார்த்தபோது, இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்து இல்லாமலே எட்டு மணி நேரம் ஓட்டம் தடைப்படவில்லை. டயாலிஸிஸ் செய்துகொள்ளும் நோயாளிக்கு ஹெப்பாரின் என்னும் அத்தகைய மருந்தைக் கொடுப்பதால் நேரும் இரத்தக் கசிவுகளை அறிந்தவர்கள் இந்த எட்டு மணி நேரத்தின் மதிப்பை உணர்வார்கள். ஆனால் குடுவையை ஒழுங்காகப் பிரதி எடுத்திருந்தால் அவர்களுக்குக் கிடைத்திருப்பது எறும்பு வழுக்கும் ஓர் ஈரவிளிம்பே.

எந்தப் பிராணியையும் பாராமல் பிறந்த பரப்புகளைப் பற்றி இக்கோட்பாட்டினர் வாய் திறப்பதில்லை. மருத்துவத்தில் இதுவரை மிக அதிகமான மனிதருக்குப் பயன்பட்ட பரப்பு வடிவங்களுள் ஒன்று டைட்டானியப் பல் பொருத்தினுடையது. எலும்பு டைட்டானியத்தைத் தழுவி வளர்கிறது என்பது, ஸ்வீடன் தேசத்து பிரானெமார்க் முயலின் எலும்பில் இரத்த ஓட்டத்தைப் பார்க்க வைத்த கருவி கழற்ற வராமல் போனதால் தெரியவந்தது. பின்னர் அந்த உலோகத்தை மணல் வீசிக் கரடாக்கி, அமிலத்தில் அரித்தெடுத்ததும், எலும்பு பற்றுவதற்காகக் காத்திருக்க வேண்டிய மூன்று மாதம் ஆறு எட்டு வாரமாகக் குறைந்தது. இதில் எந்தப் பூச்சியின் சிறகு இருக்கிறது? 2007-இல் கிளாஸ்கோவில் மாத்யூ டால்பியும் சகாக்களும் செய்தது இன்னும் ஆச்சரியமானது. பிளாஸ்டிக் தகட்டில் 120 நானோ மீட்டர் அகலமும் 100 நானோ மீட்டர் ஆழமும் உள்ள குழிகளை 300 நானோ மீட்டருக்கொன்றாகச் சதுர ஒழுங்கில் பதித்து, அதன்மேல் மனித எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்களை வளர்த்தார்கள். ஒழுங்கு பிசகாத சதுரத்தில் அவை எலும்பாகும் விருப்பம் காட்டவில்லை. ஒவ்வொரு குழியையும் அதன் ஸ்தானத்திலிருந்து 50 நானோ மீட்டர் வரையில் அங்குமிங்குமாக நகர்த்தி வைத்ததும், வேறு எந்த மருந்தும் ஊட்டாமலே, எலும்புக்குரிய கனிமத்தை உண்டாக்கத் தொடங்கின. முழு ஒழுங்கும் உதவவில்லை. முழு ஒழுங்கின்மையும் அவ்வளவாக உதவவில்லை. அளந்து கலைத்த ஒழுங்கு உதவிற்று. அந்த அளவை எழுதி வைத்த இலையோ தோலோ எதுவும் இல்லை. கலைத்துக் கலைத்துப் பார்த்துத்தான் கண்டார்கள்.

இவ்வளவையும் கேட்ட பின் எதிர்க்கட்சியார் கடைசியாக ஒரு கோட்டைக்குள் புகுவர்: பிரதி சரியாக இல்லாததால்தான் தோல்வி, தூணோடு சேர்த்து, தன்னைத் தானே புதுப்பிக்கும் சக்தியையும், அடுக்கடுக்கான அமைப்பையும் முழுமையாகப் பிரதி எடுத்தால் வெற்றி நிச்சயம் என்பர். முழுமையான பிரதி என்பது அந்தச் சில்வண்டேயல்லவா? அதன் ஒவ்வோர் அம்சமும் மற்ற எல்லா அம்சங்களோடும், அதன் இரையோடும் இணைவிழைச்சோடும் மூதாதையரின் தேகக் கட்டோடும் பிணைந்தது. இயற்கைத் தேர்வு சிறந்ததைத் தேடுவதில்லை. சந்ததி உண்டாகும் வரையில் போதுமானதை விட்டுவைக்கிறது. மூளையிலிருந்து குரல்வளைக்குச் செல்ல வேண்டிய ஒட்டகச்சிவிங்கியின் நரம்பு, நீண்ட கழுத்து வழியே மார்பு வரை இறங்கி, மறுபடி கழுத்தேறிச் செல்கிறது. இந்த வேலைப்பாட்டை எந்தப் பொறியாளரும் முன்மாதிரியாகக் கொள்ளமாட்டார். எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்ற தேர்வு மனிதனுடையது. அந்தத் தேர்வுக்கு வேண்டிய நியாயம் பிராணியிடத்தில் இல்லை, நோயாளியிடத்தில் இருக்கிறது.

பெயர் எதுவானால் என்ன, இளைஞரை ஆராய்ச்சிக்கு இழுக்கிறதே என்று சமாதானம் சொல்லும் சாந்த சீலர்களும் உண்டு. இழுக்கட்டும், ஆனால் எங்கே இழுக்கிறது? மைக்ராஸ்கோப்பில் அழகாகத் தோன்றும் பிராணியைத் தேடி இழுக்கிறது. புதியதொரு வண்டின் முதுகில் புதியதொரு முள்வரிசையைக் கண்டவர், சுத்தமான உப்புநீரில் ஒரே இனத்துக் கிருமியை விட்டு மூன்று மணி நேரம் வைத்து எண்ணிவிட்டு, மருத்துவப் பொருத்துகளுக்குப் பயன்படக்கூடும் என்று கடைசி வாக்கியத்தில் எழுதிவிடுகிறார். அந்த வாக்கியத்திலிருந்து நோயாளியின் உடம்புக்குள்ள தூரத்தை நடந்து கடப்பவர்கள் சிலரே. அவர்களுக்குப் புகழும் குறைவு, பணமும் குறைவு. ‘இயற்கையானது’ என்ற சொல்லைக் கேட்டதும், விலைக்கு வாங்கும் நிர்வாகியும் பாதிச் சந்தேகத்தைக் கைவிட்டுவிடுகிறார்.

அவர் கைவிடக் கூடாத சந்தேகங்கள் மிகச் சாதாரணமானவை. உப்புநீரில் கொன்ற பரப்பு இரத்த நீரில் ஒரு வாரம் ஊறிய பின்னும் கொல்கிறதா? பாக்டீரியாவைத் துன்புறுத்தும் தூண், பக்கத்திலே வந்து பற்ற வேண்டிய எலும்புச் செல்லைத் துன்புறுத்தாதிருக்கிறதா? ஆட்டோகிளேவில் 121 பாகைச் சூட்டில் நீராவிக்கு உட்பட்ட பின் தூண்கள் நிற்கின்றனவா? மருந்து தடவிய சாதாரணப் பரப்போடு ஒப்பிட்டால் எவ்வளவு மிச்சம்? இவற்றுக்கெல்லாம் மேலாக, இடுப்பு மூட்டின் தண்டைத் தொடையெலும்பின் குடைந்த குழிக்குள் இறக்கும்போது அறுவை மருத்துவர் சுத்தியலால் ஓங்கி அடித்துத்தான் இறக்குகிறார். எலும்போடு உரசிக்கொண்டு அங்குலக் கணக்கில் உள்ளே செல்லும் அந்த உலோகத்தின்மேல், 200 நானோ மீட்டர் உயரத்து மயிரிழைத் தூண்களில் எத்தனை நிமிர்ந்தபடி போய்ச் சேர்ந்தன என்று, அடித்த பிறகு எடுத்துப் பார்த்தவர் யார்?